பிரிக்காத மெத்தை

ஜனவரி 12

அன்புள்ள தம்பி எறும்புக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. உன் உடம்பு எப்படி என்பதை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், மாமாவிடம் போட்டுக்கொடுக்காதே. டாக்டர் முழங்காலுக்குத் தண்ணீரில் நடக்கச் சொன்னார், நான் நடப்பதோடு நிற்க மாட்டேன், குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நீந்தியே காட்டுவேன் என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேன் அல்லவா? வாரம் இரண்டு நாள் நீச்சல்குளத்துக்குப் போவது உண்மை. ஆனால் இன்றுவரை குளத்தில் இறங்கவில்லை. அங்கே ஒரு வெந்நீர்க் குழாய் இருக்கிறது. இறங்குவதற்கு முன்னால் குளிக்க வேண்டும் என்று சட்டம். அந்தச் சட்டத்தை நான் முக்கால் மணி நேரம் மதிக்கிறேன். பிறகு தலை துவட்டி, வெளியே கேன்டீனில் ஒரு டீ, ஒரு கிரீம் பன். ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தால் உன் மாமா, "பரவாயில்லையே, முகம் தெளிஞ்சிருக்கு" என்கிறார். தெளியாமல் என்ன செய்யும்?

நீ எனக்கு நேர் எதிர். பரிசு, ஓய்வு எல்லாம் தேறிய பிறகுதான் என்பாய். போன முறை கிரேன் தேர்வில் தோற்றதிலிருந்து போனில் பேசினால் "ம்" மட்டும்தான் வருகிறது. காகிதத்தில் "ம்" போட்டு அனுப்ப முடியாது என்றுதான் இனிமேல் கடிதம் என்று முடிவு செய்தேன்.

உனக்கு ஒரு மெத்தை லாரியில் ஏற்றிவிட்டிருக்கிறேன். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் மெத்தை தைக்கிறேன், கூடப் பிறந்தவன் தரையில் படுக்கிறான் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். பஞ்சு அடைத்தது முதல் ஓரப்பட்டி வரை என் கை. அதில் படுத்ததும் உனக்கு ஒன்று தோன்றும். தோன்றியதை அப்படியே எழுது. கெட்ட வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை.

நீ கிரேன் ஏறுவதற்குள் நான் அக்கரை தொடுகிறேனா பார்.

அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமாயிருக்க வேண்டும்.

மெத்தை வந்து சேர்ந்தது. மிகவும் நன்றாக இருக்கிறது. நன்றி.

நான் இன்னும் கீழே நின்று கொக்கி மாட்டிச் சைகை காட்டும் வேலையில்தான் இருக்கிறேன். சாப்பாட்டு வேளையில் ஆபரேட்டர் என்னை மேலே கேபினுக்குக் கூப்பிட்டுப் பழக்குகிறார். நான் சாப்பாட்டைப் பத்து வாயில் முடித்துவிட்டு ஏணி ஏறிவிடுகிறேன். விடியும் முன் எழுந்து தேர்வுப் புத்தகம். வேலை முடிந்து வந்ததும் மறுபடி புத்தகம். விடுமுறை நாளிலும் அப்படித்தான். சினிமா, ஊர் சுற்றல் எல்லாம் நிறுத்திவிட்டேன். ஏப்ரலில் தேர்வு.

நீ தண்ணீரில் இறங்கு. பணம் கட்டியிருக்கிறாய்.

தம்பி


பிப்ரவரி 10

அன்புள்ள எறும்புக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்று சொன்னால் தந்தி கோபித்துக்கொள்ளும். நாங்கள் சுகம். மாமாவுக்கு லேசாக இருமல். கேட்டால் "யாருக்கு?" என்பார்.

முழங்கால் வரை இறங்கிவிட்டேன்! கற்றுக்கொடுக்கும் பெண் என் மகள் வயது கூட இருக்க மாட்டாள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். பெயரைக் கேட்டேன், அதற்கும் விசில்தான் ஊதினாள். அதனால் விசில் என்றே வைத்துவிட்டேன். "அக்கா, இன்னும் ரெண்டு படி இறங்குங்க" என்றாள். "ஏன்மா, முழங்காலுக்குத்தானே வைத்தியம், அது நனைஞ்சாச்சே" என்றேன். சிரிக்கவில்லை. உன் இனம் அவள்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறார்கள். எறும்பின் கால் தேயாதா? அதை ஒருவனும் சொல்லக் காணோம். பத்து வாயில் சாப்பாடாம். மென்றாயா, இல்லை கொக்கி போட்டு உள்ளே இறக்கினாயா?

மெத்தை நன்றாக இருக்கிறது என்று எழுதினாய். அவ்வளவுதானா? முதுகுக்கு எப்படி? தோள்பட்டைக்கு? நல்லா யோசித்து எழுது.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவின் இருமல் தேவலையா?

மெத்தை முதுகுக்கு மிகவும் சுகம். பூ மேல் படுத்தது போல் இருக்கிறது. படுத்ததும் தூங்கிவிடுகிறேன். என்னோடு அறையில் இருக்கும் பெயிண்டர் அண்ணன்கூட நல்ல மெத்தை என்றார்.

இந்த வாரம் கேபினில் தனியாக லிவர் பிடிக்க விட்டார்கள். ஆபரேட்டர் பின்னால் நின்றார். மேலிருந்து பார்த்தால் நான் நிற்கும் இடம் ஒரு தலைக்கவசம் அளவுதான் தெரிகிறது. இவ்வளவு நாள் அங்கேதான் நின்றிருக்கிறேன் என்று நம்ப முடியவில்லை.

நேரமில்லை. மன்னிக்கவும்.

தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். இருமல் போய்விட்டது, அதற்குப் பதில் தும்மல் வந்திருக்கிறது.

பூ மேல் படுத்தது போலா? எந்தப் பூ என்று எழுது.

இங்கே நான் இடுப்பு வரை போயிருக்கிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்கச் சொல்கிறாள். நான் அடித்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குளியல் முடிந்துவிடுகிறது. கம்பியை விடச் சொன்னாள். "விட்டா?" என்றேன். "மிதப்பீங்க" என்றாள். "அதை உன் விசில் சொன்னா நம்புவேன், நீ சொன்னா நம்ப மாட்டேன்" என்று கரையேறி வெந்நீர்க் குழாய்க்குப் போய்விட்டேன். அன்றைக்கு இரண்டு பன்.

எறும்பு, கூச்சப்படாமல் சொல். மெத்தையில் ஏதாவது குறை உண்டா? ஒரு சின்ன உறுத்தல்கூட இல்லையா? அக்கா மனம் நோகும் என்று மறைக்காதே. பட்டறையில் முதலாளி முன்னால் வாடிக்கையாளர் வந்து என் தையலைக் காறித் துப்பியிருக்கிறார், அன்றும் நான் மூன்று வேளை சாப்பிட்டேன்.

உடனே பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 4

தம்பிக்கு,

பதில் இல்லை. இரண்டு தடவை போன் செய்தேன். "சாப்டியா?" "ம்." "உடம்பு?" "ம்." "தேர்வு என்னிக்கு?" அதற்கு மட்டும் "ம்" கூட இல்லை. "தள்ளிப் போயிருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். அவர் பக்கத்து வீட்டில் திரும்புகிறார். பட்டறையில் ஒரே மெத்தைக்கு ஒரே ஓரத்தை இரண்டு முறை தைத்தேன். "படுக்கறதுக்கா, போருக்குப் போறதுக்கா?" என்றார் முதலாளி. குளத்துக்குப் போனால் வெந்நீரும் சுகமாக இல்லை. பன்னைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்.

இனி விளையாட்டு போதும், சொல்லிவிடுகிறேன். உன் மெத்தையில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் படுகிற இடத்தில், உறைக்கு அடியில், மாமாவின் பழைய கோட்டுப் பொத்தான் ஒன்றை வைத்துத் தைத்திருக்கிறேன். பிஸ்கட் அளவு இருக்கும். திருப்பிப் போட்டுத் தப்பித்துவிடுவாய் என்று அடிப்பக்கத்திலும் ஒன்று. நீ முதல் நாளே எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டி நாலு பக்கம் எழுதுவாய், அந்தச் சாக்கிலாவது உன் குரல் கேட்கலாம் என்று செய்த குறும்பு. அதில் படுத்தவன் எவனும் பூ என்று எழுத மாட்டான்.

நீ அந்த மெத்தையில் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. எங்கே படுக்கிறாய்? தூங்குகிறாயா? என்னடா நடக்கிறது அங்கே?

அக்கா


ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இதைப் பொய்யாக எழுதவில்லை. அடிபடவில்லை.

மெத்தை சுவரில் சாய்ந்து நிற்கிறது. மேலே சுற்றியிருந்த பாலித்தீனைப் பிரிக்கவில்லை. தேர்வில் தேறிய அன்றுதான் அதைப் பிரித்துப் படுப்பது என்று எனக்கு நானே ஒரு கட்டளை போட்டுக்கொண்டேன். தரையில் பாய் விரித்து அதைப் பார்த்துக்கொண்டே படுத்தால் வெறியோடு படிப்பேன் என்று நினைத்தேன். வெறி வந்தது, தூக்கம்தான் வரவில்லை. பெயிண்டர் அண்ணன், "என்ன தம்பி, செவுத்துக்குச் சட்டை தச்சுப் போட்டிருக்கியா?" என்று தினமும் கேட்பார்.

மார்ச் மாதம் நடுவில் ஒரு நாள், கேபினில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கண் சொருகிவிட்டது. கை லிவரில் இருந்தது. கொக்கியில் கம்பிக்கட்டு தொங்கியது. கீழே என் இடத்தில் வேறு ஒருவர் சைகை காட்டிக்கொண்டிருந்தார். அவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. பின்னால் நின்ற ஆபரேட்டர் என் கைமேல் கைவைத்து நிறுத்தினார். கண் திறந்தபோது கீழே அந்தத் தலைக்கவசம் அசையாமல் நின்றது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆபரேட்டர் திட்டவில்லை. "போய்த் தூங்கு. தூங்குனவன்கிட்டதான் சாவி குடுப்பேன்" என்றார். பயிற்சி நின்றுவிட்டது. தேர்வு ஜூனுக்குப் போய்விட்டது. மெத்தையைப் பார்த்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. தோற்றவனுக்கு எதற்கு மெத்தை?

மாமாவிடம் சொல்லாதே.

தம்பி


ஏப்ரல் 20

தம்பி,

இங்கு எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு கோணி ஊசியால் என் கட்டை விரலைத் தைத்தேன். ஆழமில்லை.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். என்னால் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவர் எழுந்து போய்த் தும்மிவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. தும்மல் என்றார்.

கேள். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். தூக்கம் நீ ஜெயித்து வாங்குகிற கோப்பை இல்லை, சோறு மாதிரி. தேறினால்தான் சோறு தின்பேன் என்று எவனாவது தேர்வுக்குப் போவானா? இதை எட்டாம் வகுப்பைக்கூட எட்டாதவள் சொல்கிறேன்.

ஆனால் உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நான் மூன்று மாதமாகப் பரிசை மட்டும் தின்றுகொண்டிருக்கிறேன். வேலை செய்யாமலே வெந்நீர், வேலை செய்யாமலே பன். உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்பார்கள், கரைந்தது மலை இல்லை, என் ரவிக்கைத் தையல்.

அதனால் மாற்றிக்கொள்வோம். நீ பரிசை முன்னால் எடு. நான் வேலையை முன்னால் செய்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பாலித்தீனைக் கிழி. நான் நாளைக்கே கம்பியை விடுகிறேன். நீ ஏமாற்றினால் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று உனக்கே தெரியும்.

அக்கா


மே 7

அக்கா,

நலம் கேட்கும் மனநிலையில் நான் இல்லை. உனக்கு அறிவு என்று ஒன்று இருக்கிறதா? அது பொத்தானா, பாறாங்கல்லா? தம்பி முதுகில் ஆணி அடிக்கத்தான் மெத்தைத் தொழில் கற்றாயா? இரண்டு பக்கமும்! மாமாவின் கோட்டு இப்போது எப்படி மூடுகிறது? அவருக்கு நெஞ்சில் குளிர் பட்டுத்தான் இருமலும் தும்மலும். அதற்கும் நீதான் காரணம்.

திட்டி முடித்தேன். நடந்ததை எழுதுகிறேன்.

அன்றே பிரிக்க உட்கார்ந்தேன். பாதி கிழித்ததும் கை நின்றுவிட்டது. இன்னும் எதுவும் சாதிக்கவில்லையே என்று தோன்றியது. டேப் எடுத்து மறுபடி ஒட்டினேன். பெயிண்டர் அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். "தள்ளு" என்றார். வந்து ஒரே இழுப்பு. முழுப் பாலித்தீனும் அவர் கையில். "இது எனக்குத் தரையில விரிச்சு பெயிண்ட் அடிக்க ஆகும். இனிமே நீ கேட்டாலும் தர மாட்டேன்" என்று மடித்து வைத்துக்கொண்டார்.

படுத்தேன். பொத்தான் குத்தியது. கொஞ்சம் நகர்ந்தேன். அதற்குப் பிறகு நினைவில்லை. மறுநாள் விடுமுறை, அது முழுவதும் தூக்கத்திலேயே போய்விட்டது. எழுந்தபோது எதையோ திருடிவிட்டது போல் இருந்தது. உடனே புத்தகத்தை எடுத்தேன். முன்பு நாலு தடவை படித்தும் ஏறாத பக்கம் ஒரே தடவையில் ஏறியது. ஆனாலும் அந்தத் திருட்டு உணர்வு போகவில்லை. தினமும் வருகிறது. பழக வேண்டும் போல.

பயிற்சி மறுபடி தொடங்கியிருக்கிறது. பொத்தானை வெட்டவில்லை. ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன்.

நீ கம்பியை விட்டாயா?

தம்பி


மே 21

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் திட்டை மாமாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். மூன்றாவது முறை அவரே வாங்கி வாசித்தார். கோட்டில் இப்போது வெள்ளைப் பொத்தான் தைத்துக் கொடுத்திருக்கிறேன், கருப்புக் கோட்டில் அது தனியாகத் தெரிகிறது. அப்படியே போட்டுக்கொண்டு போகிறார்.

கம்பியை விட்டேன். சொன்ன நாளே விட்டேன். மூக்கு, காது, வாய் எல்லாவற்றாலும் குடித்தேன். விசில் என்னைக் கழுத்துப்பட்டையில் பிடித்துத் தூக்கி, "மூச்சைப் பிடிக்காதீங்க அக்கா, விடுங்க. விட்டாதான் மிதக்கும்" என்றாள். "எதைம்மா விடறது, இருக்கறதே அது ஒண்ணுதான்" என்றேன். அன்றைக்குச் சிரித்தாள். முன்பல் ஒன்று உடைந்திருக்கிறது, அதனால்தான் இத்தனை நாள் சிரிக்கவில்லை போலிருக்கிறது.

இப்போது பாதிக் குளம் வரை போகிறேன். பாதியில் நடுவே கட்டிய கயிறு வருகிறது. அதைப் பார்த்ததும் கை தானாகப் பிடித்துக்கொள்கிறது. அதைத் தாண்டினால் ஆழம். காலுக்குத் தரை எட்டாது. அங்கே தொங்கிக்கொண்டு அக்கரையைப் பார்க்கிறேன். பன் கரையேறிய பிறகுதான். உண்மையைச் சொன்னால் முன்பைவிட அது ருசியாக ஒன்றும் இல்லை. ஆனால் கேன்டீன்காரரிடம் தலை நிமிர்ந்து வாங்குகிறேன்.

தேர்வு முடிந்ததும் எழுது. தேறினாலும் எழுது, தேறாவிட்டாலும் எழுது.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தினமும் படுக்கிறேன்.

கேபின் தேர்வில் தேறிவிட்டேன். கம்பிக்கட்டைத் தூக்கிக் கோடு போட்ட கட்டத்துக்குள் வைக்க வேண்டும். வைத்தேன்.

எழுத்துத் தேர்வில் தோற்றுவிட்டேன். கொஞ்சத்தில் போய்விட்டது. அடுத்த மாதம் அதை மட்டும் மறுபடி எழுதலாம் என்றார்கள். சாவி அதற்குப் பிறகுதான்.

முடிவு வந்த அன்று, லீவு எடுக்காமல் இந்த மாதம் முழுவதும் படித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் முழுக்க அப்படியே நினைத்துக்கொண்டு நடந்தேன். பிறகு பெயிண்டர் அண்ணன் நான் கேட்காமலே ரயில் டிக்கெட் எடுத்து வந்து கொடுத்தார். இன்னும் முழுதாக ஜெயிக்கவில்லை, ஆனாலும் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ நீந்துவதைப் பார்க்க வேண்டும்.

புத்தகம் எடுத்து வருவேன். திட்டாதே.

தம்பி


ஜூன் 28

அன்புள்ள எறும்புக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? நாங்கள் சுகம். மாமா வெள்ளைப் பொத்தானோடு சுகம்.

ரயில் ஏறும் வரை உன் இடது ஷூ ஏன் ஈரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். தெரியாது என்றேன். தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நீ குளத்தங்கரை பெஞ்சின் ஓரத்தில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாய். என் துண்டையும் பன் பொட்டலத்தையும் உன்னிடம் கொடுத்து, "பார்த்துக்கோ, இந்தத் தடவை கயித்தைப் பிடிக்க மாட்டேன்" என்றேன். "ம்" என்றாய். நான் தண்ணீரில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது நீ பெஞ்சில் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். புத்தகம் முகத்தில் கூடாரம் போட்டிருந்தது. எழுப்பட்டுமா என்று விசில் கை காட்டினாள். வேண்டாம் என்றேன். ஊதவும் வேண்டாம் என்றேன். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

தனியாகக் கிளம்பினேன். உன் கால் ஒரு உதை உதைத்தது, கனவில் ஏணி ஏறினாயோ என்னவோ. இடது ஷூ தண்ணீரில் விழுந்து என் முன்னால் மிதந்து வந்தது. நான் கை போட்டால் எழும்பும் அலையில் அது இன்னும் முன்னால் போனது. அதை எடுத்துவிடலாம் என்று பின்னாலேயே போனேன். அதைப் பிடிக்கிற அவசரத்தில் கயிறு எப்போது தாண்டிப் போனது என்று பார்க்கவில்லை. காலுக்குத் தரை இல்லை என்பதும் நினைவுக்கு வரவில்லை. அக்கரைச் சுவரில் கை பட்டதும்தான் நின்றேன்.

ஷூ முதலில் தொட்டது. நான் இரண்டாவது.

விசில் இரண்டு பேருக்கும் சத்தம் வராமல் கை தட்டினாள். நான் கரையேறி உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். துண்டு உன் தலைக்கு அடியில் இருந்தது, பன் உன் முதுகுக்கு அடியில். காற்றில் காய்ந்துகொண்டே குளம் மூடும் வரை உட்கார்ந்திருந்தேன்.

பன் கோட்டுப் பொத்தான் அளவுக்குத் தட்டையாகிவிட்டது. தின்றுவிட்டேன்.

ஷூவை வெயிலில் வைக்காதே, சுருங்கும்.

அக்கா